மூன்றாம் அறையில் ஒரு நன்றியுரை

ஐக்கிய அரபு அமீரகத்தின் உறைநில இளம் விஞ்ஞானிகளுக்கு நான் பதினோரு வாரம் தலைவியாக இருந்திருக்கிறேன். வேலைக்கு அனுப்பும் தற்குறிப்பில் இதை நான் போடுவதில்லை. போட்டால் இரண்டு கேள்வி வரும். அமீரகத்தில் உறைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. அதற்கு என்னிடம் பதில் உண்டு: துபாயின் அல் கூஸில், ஒரு கோழிக் கிடங்குக்கு அடியில். பதினோரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்பது இரண்டாவது. அதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் மண் பொறியியலில் முதுகலை முடித்து, துபாயில் ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். கட்டடம் எழும்புவதற்கு முன்பு நாங்கள் போய்த் துளை போட்டு, மண்ணை எடுத்துப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று எழுதிக் கொடுப்போம். வேலையில் நான் இன்ஜினியர். விசாவில் டைப்பிஸ்ட். (கம்பெனியிடம் அப்போது மிச்சம் இருந்த விசா அதுதான். எனக்கு இன்றைக்கும் இரண்டு விரலால்தான் டைப் அடிக்க வரும்.)

எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. மளிகைக்கு, துணிக்கு, அழ வேண்டிய விஷயங்களுக்குக்கூடப் பட்டியல் வைத்திருந்தேன். வாழ்க்கையில் செய்ய வேண்டியவை என்ற பட்டியலில் முதல் வரி: உறைந்த நிலத்தைப் பற்றி ஆராய்ச்சி. இரண்டாவது வரி கிடையாது. கல்லூரிப் பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அதைப் பற்றியது. "இது நமக்கு வேண்டாம், பரீட்சையில் வராது" என்று பேராசிரியர் தாண்டிப் போய்விட்டார். வேண்டாம் என்றதால் நான் படித்தேன். நிலத்துக்குள் தண்ணீர் உறைந்து, மெல்ல மெல்ல மண்ணைத் தூக்கி, வீட்டையே சாய்த்துவிடும் என்று அதில் இருந்தது. எங்கள் ஊரான கரூரின் வெயிலில் உட்கார்ந்து அதைப் படித்த பெண்ணுக்குப் புத்தி பேதலித்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்பா எனக்கு இரண்டு வருடம் கொடுத்திருந்தார். காண்டிராக்ட் முடியும்வரை துபாய். அதற்குள் எங்காவது ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருக்கும் ஜாதகங்களில் ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டும். ஒரு வருடத்தில் பதினாறு பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தேன். நான்கு பேர் பதில் போட்டிருந்தார்கள். நான்கிலும் அதே கேள்வி: உறைநிலத்தில் உங்களுக்குக் களப்பணி அனுபவம் உண்டா?

அந்த நேரத்தில்தான் கோழிக் கிடங்கின் தரை பற்றிப் புகார் வந்தது.

தரை இறங்கினால் எல்லாருக்கும் புரியும். இந்தத் தரை ஏறிக்கொண்டிருந்தது. இறக்குமதியான கோழியை மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் அடுக்கி வைக்கும் கிடங்கு அது. மொத்தம் நான்கு அறைகள். மூன்றாம் அறையின் நடுவில் தரை ஒரு சாண் உயரத்துக்குப் புடைத்து, கான்கிரீட் விரிசல் விட்டு, அலமாரிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. எங்கள் லேப் இன்சார்ஜ் அன்வர் சார், நாகூர்க்காரர், என்னை அங்கே அனுப்பினார். "போய்ப் பார்த்துட்டு வாம்மா. ரிப்போர்ட் கிளையண்டுக்கு மட்டும்தான். வெளிய மூச்சு விடக்கூடாது. கோழிக்காரங்களுக்குத் தெரிஞ்சா கோழியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

எனக்கு அறையைத் திறந்துவிட்டவர் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் செல்லத்துரை அண்ணன். பரமக்குடிப் பக்கம். ஆறு வருடமாக அந்தக் குளிருக்குள் வண்டி ஓட்டுகிறவர். காது மட்டும் நிரந்தரமாகச் சிவந்திருக்கும்.

"தரை ஏறுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான்தான் மேடம். லோடு இல்லாமப் போனாலும் வண்டி இடது பக்கம் சாயுது. மேனேஜர்கிட்ட சொன்னா, நீ குடிச்சிட்டு ஓட்டுறேங்குறாரு. நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தப்பவே சாஞ்சுச்சு."

காரணம் எளிது. இப்படிப்பட்ட கிடங்குகளில் தரைக்கு அடியில் ஹீட்டர் வயர் ஓடும். குளிர் மண்ணுக்குள் இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும். இங்கே ஹீட்டர் என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அலாரம் கத்தியிருக்கிறது. கத்தின அலாரத்தின் மேல் யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள்.

துளை போட்டு, தரைக்கு ஒரு மீட்டர் கீழே இருந்து மண்ணை எடுத்தோம். துபாய் மணல், கல் மாதிரி கெட்டியாக வந்தது. அதற்குள் நூல் நூலாகப் பனிக்கட்டி. கடைசி அத்தியாயத்தில் பார்த்த அதே படம். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் குளிரில் அதுவும் இமையிலேயே ஒட்டிக்கொண்டது.

அந்த மண்ணில் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். (அதுவும் விதிப்படி தப்புதான். பட்டியலில் இது சின்னது.) கராமாவில் ஒரு ஃபிளாட்டில் ரஜனி அக்காவோடு ஒரே அறையில் இருந்தேன். யாழ்ப்பாணம், ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கிளார்க். மறுநாள் மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது, மண்ணோ?"

"உறைநிலம் அக்கா."

"உமக்கு விசரே? மீனுக்குப் பக்கத்திலே கொண்டுவந்து வச்சிருக்கிறீர்."

இனி வருவது என் பெரிய புத்திசாலித்தனம். நிரந்தர உறைநிலம் என்பதற்குப் புத்தகத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும் நிலம். அவ்வளவுதான். அது துருவத்தில் இருக்க வேண்டும் என்றோ, மேலே கோழி இருக்கக்கூடாது என்றோ எங்கும் சொல்லவில்லை. கிடங்கின் பதிவேட்டைப் பார்த்தேன். ஹீட்டர் நின்று குறைந்தது நான்கு வருடம். ஆக, அமீரகத்தில் நிரந்தர உறைநிலம் உண்டு. அதன் ஒரே விஞ்ஞானி நான்.

உறைநிலத்தை ஆராயும் இளம் விஞ்ஞானிகளுக்கு ஒரு சர்வதேச வலையமைப்பு இருப்பதை இணையத்தில் பார்த்திருந்தேன். உறுப்பினர் படிவத்தில் நாடு என்ற இடத்தை அழுத்தினால் உலகமே ஆங்கில அகரவரிசையில் வந்தது. உக்ரைனுக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் நாங்கள். அழுத்தினேன். ஒருங்கிணைப்பாளர் ஆஸ்ட்ரிட் என்ற பெண் ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுதினாள். அமீரகத்திலிருந்து முதல் உறுப்பினர் என்பதில் எல்லாரும் மகிழ்ச்சியில் இருப்பதாகவும், என் களத்தைப் பற்றி அறிய ஆவலாக இருப்பதாகவும். என் களம் நாற்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் என்று எழுதினேன். சின்னக் களங்களே ஆழமான ஆய்வுக்கு ஏற்றவை என்று அவள் பதில் எழுதினாள். நல்ல பெண். கடைசிவரை நல்ல பெண்ணாகவே இருந்தாள். அது எனக்கு உதவவில்லை.

அந்தக் கோடையில் வடக்கே ஒரு நாட்டில் பத்து நாள் பயிற்சி முகாம் நடக்க இருந்தது. என் பதினாறு பேரில் மூன்று பேர் அங்கே பாடம் எடுக்கிறார்கள். முகாமுக்குப் போனவர்களில் பாதிப் பேரை அவர்களே ஆராய்ச்சி மாணவர்களாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆஸ்ட்ரிட் சொன்னாள். நாட்டுக்கு ஓர் இடம், செலவு அவர்களுடையது. ஆனால் அது தேசியக் கிளை உள்ள நாடுகளுக்கு மட்டும். கிளைக்கு முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஐந்து உறுப்பினர்கள் வேண்டும். ஒரு கூட்டமாவது நடந்திருக்க வேண்டும். கூட்டக் குறிப்பும் களத்தில் எடுத்த புகைப்படமும் அனுப்ப வேண்டும்.

ஐந்து பேர். நான் ஒன்று. எங்கள் லேப் டெக்னீஷியன் பாபு இரண்டு. கிடங்கின் குளிர்பதன மெக்கானிக் சேவியர், நாகர்கோவில், மூன்று. ரஜனி அக்காவிடம் கேட்டேன்.

"நான் என்ன ஆராய்ச்சி செய்யிறனாம்?"

"பதப்படுத்தப்பட்ட மாதிரிகளைச் சேமித்தல்."

"மீனுக்குப் பக்கத்திலே மண் வைக்கிறதை இப்பிடியும் சொல்லலாமோ?" என்றவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது ஆள் செல்லத்துரை அண்ணன். பார்த்தாலே நாற்பது தாண்டியிருக்கும். வயது வரம்பைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"பாஸ்போர்ட் பிரகாரம் எனக்கு முப்பத்திமூணு மேடம். ஏஜெண்டு போட்ட வயசு. ஊர்ல தம்பி என்னைவிட மூத்தவன்."

அப்படியாக, பாஸ்போர்ட்டில் இளைஞர் ஒருவரும், விசாவில் டைப்பிஸ்ட் ஒருத்தியும், இலக்கணப்படி உறைந்த நிலமும் சேர்ந்து கிளை உருவாயிற்று. காகிதத்தில் எல்லாமே சுத்தம்.

கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதில்தான் செல்லத்துரை அண்ணனின் முழு உருவமும் தெரிந்தது. அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் பொங்கல் விழாக் குழுவுக்கு மூன்று வருடம் செயலாளர். நான் ஐந்து நிமிடம் நின்று படமெடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று இருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது எப்படி மேடம்? பேனர் வேணும். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை. முக்கியமா நன்றியுரை. எத்தனையோ சங்கம் நன்றியுரையில ஒரு பேரு விட்டுத்தான் ரெண்டா உடைஞ்சிருக்கு. கேம்ப்ல தண்ணி கேன் தூக்குனவன் பேரை விட்டதுக்கு, அடுத்த பொங்கலுக்கு அவன் தனியா ஒரு பானை வச்சான். யாரு என்ன செஞ்சாங்கன்னு பேரோட சொல்லணும்."

பேரோடு, செய்த காரியத்தோடு. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அது ஒரு பட்டியல் அல்லவா.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வெள்ளிக்கிழமை மேனேஜர் வர மாட்டாரு. எனக்கு டூட்டி. நான் தொறந்து விடுறேன். அவருக்குத் தெரிய வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடினோம். வெளியே நாற்பத்தொரு டிகிரி. உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. கிடங்கின் நீல நிற ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டோம். ரஜனி அக்காவின் ஜாக்கெட் முழங்காலுக்குக் கீழே வந்தது. சத்வாவில் அடித்த ஃபிளெக்ஸ் பேனர் குளிரில் விறைத்து, விரிக்கும்போது 'இளம்' என்ற இடத்தில் அப்பளம் போல உடைந்தது. வரவேற்புரை சேவியர். வாயைத் திறந்ததும் புகை வந்ததில் அவருக்கே சிரிப்பு வந்து, பாதியில் நிறுத்திவிட்டார். தலைமையுரை நான். உறைநிலத்தின் வரலாற்றை எட்டு நிமிடம் பேசினேன். ஏழாவது நிமிடம் ரஜனி அக்கா சொன்னார்: "பிள்ளை, எனக்குக் காலிருக்கோ எண்டு தெரியேல்லை."

எனக்குப் போட்ட பொன்னாடை தோளில் படியாமல் தகடு மாதிரி நின்றது. பேனா எழுதவில்லை. பென்சிலால் குறிப்பெடுத்தேன். கேமரா இரண்டு படம் எடுத்துவிட்டு பேட்டரி செத்தது. அந்த இரண்டில் ஒன்றில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். மற்றதில், உடைந்த பேனருக்கு முன்னால், புடைத்த தரையின் விரிசல் காலடியில் தெளிவாகத் தெரிய, பின்னால் கோழிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்க, ஐந்து பேர் நிற்கிறோம். எங்களைவிட சந்தோஷமான விஞ்ஞானிகளை அந்த வலையமைப்பு அதற்குமுன் பார்த்திருக்காது.

அன்றைக்கே கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். இரண்டு விரலால், மூன்று பக்கம். இடம்: கிடங்கின் முழுப் பெயர், முகவரி, அறை எண் மூன்று. வெப்பநிலை. வந்தவர்கள், பதவி. தீர்மானங்கள். கடைசியில் நன்றியுரை. ஒரு பெயரும் விடுபடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதன் நான்காவது வரி எனக்கு மனப்பாடம். தமிழில் இப்படி வரும்: "மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல், தன் சொந்தப் பொறுப்பில் மூன்றாம் அறையைத் திறந்துவிட்டு இக்கூட்டத்தைச் சாத்தியமாக்கிய திரு. செல்லத்துரை அவர்களுக்கு, பணியாளர் எண் 118, கிளை தன் ஆழ்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது."

பணியாளர் எண்ணை ஏன் போட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஜாக்கெட்டில் அச்சடித்திருந்தது. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

எல்லாம் அருமையாக நடந்தது. கிளைக்கு அங்கீகாரம் வந்தது. சில வாரங்களில் முகாமுக்கு நான் தேர்வானதாகக் கடிதம் வந்தது. அதை ரஜனி அக்கா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். விசா எடுக்கக் கம்பெனியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். என்ஓசி என்பார்கள். பாஸ்போர்ட்டும் கம்பெனியின் பெட்டகத்தில்தான் இருந்தது. (எல்லாருடையதும் அங்கேதான். எங்களைவிட அவை குளுகுளுவென்று இருந்தன.) முதலாளி ஊரில் இல்லை. வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவார் என்று அன்வர் சார் சொன்னார்.

ஆஸ்ட்ரிட், எங்கள் உற்சாகத்தில் நெகிழ்ந்து, படத்தையும் கூட்டக் குறிப்பின் மூன்று பக்கத்தையும் வலையமைப்பின் இணையதள முகப்பில் போட்டாள். போடுவதற்கு முன் கேட்டாள். போடலாம் என்று நான்தான் எழுதினேன்.

கோழி இறக்குமதிக் கம்பெனியில் யாரோ கிடங்கின் தொலைபேசி எண்ணுக்காக அதன் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார்கள். எண்ணுக்குப் பதிலாக நாங்கள் ஐந்து பேர் வந்தோம். எங்கள் கோழி வைத்திருக்கும் அறையில் எந்தச் சங்கம் எதற்காக ஆண்டுக் கூட்டம் நடத்துகிறது, காலடியில் தெரியும் விரிசல் என்ன என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜருக்கு ஃபேக்ஸ் வந்தது. மேனேஜர் குறிப்பை அச்செடுத்துப் படித்தார். யார் திறந்தது என்று விசாரிக்க வேண்டிய வேலை அவருக்கு இருக்கவில்லை. பணியாளர் எண் உட்பட எல்லாம் எழுதியிருந்தது.

ஞாயிறு மதியம் அன்வர் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். மேனேஜர் அனுப்பிய அந்த அச்சுப் பிரதி மேசை மேல் இருந்தது.

"அமுதா, இதுல எழுத்துப் பிழைகூட இல்லம்மா," என்றார். கோபத்தில் அவர் இப்படித்தான் பேசுவார்.

"சார், அந்த டிரைவர்?"

"டூட்டியை நிறுத்தி ரூம்ல உட்கார வச்சிருக்காங்க. கேன்சல் பண்ணப்போறதாப் பேச்சு."

கேன்சல் என்றால் வளைகுடாவில் விளக்கம் தேவையில்லை. விசா ரத்து, விமானம், ஊர்.

"நான் போய்ச் சொல்றேன் சார். நான்தான் கேட்டேன், அவர் மேல தப்பில்லைன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாராளமாப் போ. நீ கேட்டேன்னா, கம்பெனி கேட்டதா ஆயிரும். அந்த மேனேஜர் நேரா முதலாளிக்கு போன் போடுவான். இப்போதைக்கு முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தந்துருவாரு. தெரிஞ்சா போட மாட்டாரு. உன் இஷ்டம்மா."

முதலாளிவரை போகாமல் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். ரிப்போர்ட் நான் எழுதி முடிக்கவில்லை, அதனால் நான் தேவைப்பட்டேன்.

திங்கட்கிழமை சேவியர் போன் செய்தார். "அண்ணன் ரூம்லதான் இருக்காரு. நீங்க வந்து மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்குறாரு."

"வியாழக்கிழமை எனக்கு ஒரு லெட்டர் கிடைக்கும் சேவியர். கைக்கு வந்ததும் நேரா அங்கதான் வருவேன். சொல்லுங்க அண்ணன்கிட்ட."

"சொல்றேன்," என்றார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் ஒரு பட்டியல் போட்டேன். மேனேஜரிடம் சொல்ல வேண்டியவை, ஒன்பது அம்சங்கள். மிகத் தெளிவான பட்டியல். ரஜனி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதை ஏன் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறீர்? போய்ச் சொல்லுமன்."

"வியாழக்கிழமை அக்கா."

"ம்," என்றார். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஃப்ரீசர் மண்ணைச் சொல்லி அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

வியாழன் பதினொரு மணிக்குக் கையெழுத்தான கடிதமும் பாஸ்போர்ட்டும் கிடைத்தன. பையில் வைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்துக் கிடங்குக்குப் போனேன். மேனேஜர் இந்தியில் மரியாதையாக உட்காரச் சொன்னார். என் ஒன்பது அம்சங்களையும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூட அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் சொன்னார்: "கலாஸ், முடிந்துவிட்டது மேடம். நேற்று மாலை ஃபிளைட்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இதையே எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு வார்னிங் லெட்டரோடு முடித்திருப்பேன். அவனைப் போல ஒரு டிரைவர் எனக்குக் கிடைப்பானா? மேலே கேட்கிறார்கள், நான் யாரையாவது காட்ட வேண்டும். உங்கள் பேப்பரில் கதவைத் திறந்தவனாக அவன் பேர்தான் இருந்தது." பிறகு டீ சொன்னார். குடித்தேன். குடிக்காமல் எழுந்து வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். குடித்தேன்.

அடுத்த வாரம் விசாவுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் அழைப்புக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் டைப்பிஸ்ட்."

"இன்ஜினியர். விசாவில் மட்டும் டைப்பிஸ்ட்."

"உறைநிலப் பயிற்சிக்கு, துபாயிலிருந்து, ஒரு டைப்பிஸ்ட்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவள் குரலில் கேலி இல்லை. கேட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சோதித்தாள், அவ்வளவுதான். மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரி: பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை.

ஆஸ்ட்ரிட்டுக்கு நடந்ததை எழுதினேன், செல்லத்துரை அண்ணனைப் பற்றியும். மிகவும் வருத்தப்பட்டு எழுதினாள். ஓர் உற்சாகமான உறுப்பினரை இழந்தது எல்லாருக்கும் வேதனை என்றாள். பிறகு கீழே ஒரு வரி: உறுப்பினர் எண்ணிக்கை நான்காகக் குறைந்துவிட்டதால், மாத முடிவுக்குள் மாற்று உறுப்பினர் ஒருவரின் பெயரைத் தர இயலுமா? நான் தரவில்லை. கிளை கலைந்தது. படத்தை எடுக்கச் சொல்லி எழுதினேன். பெயர் இருந்த பக்கங்களை எடுத்தார்கள். படம் மட்டும் அதன்பிறகும் நெடுநாள் முகப்பில் இருந்தது. எங்களைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறதாம்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஓமான் நம்பரிலிருந்து ஒரு போன்.

"மேடம், செல்லத்துரை. சலாலாவுல இருக்கேன். மீன் கம்பெனி."

ஊரில் நான்கு மாதம் சும்மா இருந்ததையும், வேறு ஏஜெண்ட் மூலமாக வந்ததையும், சம்பளம் முன்பைவிடக் குறைவு என்பதையும் அவரே சொன்னார். இடையில் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த லெட்டரு கிடைச்சுச்சா?"

"கிடைச்சுது அண்ணே."

"போனீங்களா?"

"இல்லை. விசா தரலை."

அவர் சொன்னார்: "இங்க தரை சமமாத்தான் இருக்கு. நீங்க பாட்டுக்கு வந்துராதீங்க."

காண்டிராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போய்த் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு அவருக்கும் பத்திரிகை அனுப்பினேன். லீவில் வந்திருந்தவர், பரமக்குடியிலிருந்து பஸ் மாறி மாறிக் கரூர்வரை வந்தார். வரவேற்பில் அப்பா மைக்கைப் பிடித்து, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி நன்றி சொல்ல ஆரம்பித்தார். (வியாதி எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும்.) மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, என் பேரை மட்டும் விட்ருங்க."

பந்தியில் என் தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். அவர் முழுக் கதையையும் சொன்னார். உடைந்த பேனர், தகடான பொன்னாடை, பணியாளர் எண் 118. இலை எடுக்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். அவ்வளவு சிரிப்பை அந்த மண்டபம் பார்த்திருக்காது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்ல முடிவதில்லை. போன மாதம் தம்பி வந்து என் சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். துண்டை எடுத்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "நன்றியுரையில பேரு போட்றாதே அக்கா," என்றான். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது கத்தாரின் ராஸ் லஃபானில் வேலை. குளிரூட்டிய எரிவாயுத் தொட்டிகளுக்கு அடியில் மண் உறையாமல் ஹீட்டர்கள் ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. உறைநிலத்தைத் தேடிக் கிளம்பியவளுக்கு, எங்கும் நிலம் உறைந்துவிடாமல் காவல் காக்கச் சம்பளம் தருகிறார்கள். அலாரம் அடித்தால் அதே நிமிடம் எழுந்து போவேன். வியாழக்கிழமைவரை பார்ப்பதில்லை.

வீட்டில் சொல்லும் கதையில் ஞாயிற்றுக்கும் வியாழனுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. பந்தியில் அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். தெரியாமல் தாண்டவில்லை. நானும் இதுவரை யாரிடமும் சேர்த்துச் சொல்லவில்லை.

கட்டுரை முடிந்தது. இதை எழுத நான் கடன்பட்டவர் ஒருவர்தான். செல்லத்துரை என்பது அவர் பெயர் இல்லை.